அக்கி எழுதாத இடம்

எங்கள் ஊரில் அக்கி கண்டால் குயவர் வீட்டுக்குப் போவார்கள். அவர் காவிக்கல்லை இழைத்துக் கொப்புளங்களின் மேல் எழுதிவிடுவார். அந்தக் காவி நோயைத் தீர்ப்பதில்லை என்பது வேறு விஷயம். நோயின் மேல் எழுதுவது என்றொரு வழக்கம் தமிழில் இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. நாற்பத்து மூன்று வயதில் எனக்கே அக்கி வந்தபோதுதான் கேட்கத் தோன்றியது: முதுகிலும் இடுப்பிலும் எழுதுவார், புட்டத்தில் தொடங்கிப் பெண்குறியின் இடப்பக்கம் வரை வந்தால் யார் எழுதுவார்?

யாருமில்லை. அவள் வெளியே சொன்னால்தானே!

நானும் மூன்று நாள் சொல்லவில்லை. அல்குல் என்ற சொல்லுக்குப் பொருள் சொல்ல உரைகாரர்கள் படும் பாட்டை வகுப்பில் கேலி செய்பவள்தான், 'அங்கே எரிகிறது' என்று சொல்ல நாக்கெழாமல் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். அக்கிக்கான வைரஸ் தடுப்பு மாத்திரையைக் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்குவதுதான் நல்லது. அந்த 72 மணி நேரத்தை வெட்கம் தின்றது. நான்காம் நாள் சிறுநீர் நின்றுபோனது. அடிவயிறு முட்டியது, சொட்டுகூட இறங்கவில்லை.

சிறுவயதில் சின்னம்மை இறங்கிய பின்னும் அதன் வைரஸ் உடலைவிட்டுப் போவதில்லை. தண்டுவடத்தை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பதுங்கியிருந்து, பல்லாண்டு கழித்து ஒரு நரம்பின் வழியே தோலுக்கு வருகிறது. அதனால்தான் அக்கி ஒரு பக்கமாக, பட்டையாக எழும்பும். பெரும்பாலும் மார்புக்கூட்டில். எப்போதாவது வாலெலும்புக்கு மேலுள்ள நரம்புகளில். சிறுநீர்ப்பையைச் சுருக்குவது அந்த நரம்புகள்தாம், மலக்குடலை இயக்குவதும் அவைதாம், கிளிட்டோரிஸுக்கு உணர்ச்சி தருவதும் அவையே.

மருத்துவமனையில் குழாய் வைத்தார்கள். சிறுநீரை அளந்து தாளில் குறித்தார்கள். மலம் போனதா என்று தினமும் கேட்டார்கள். சில வாரங்களில் சரியாகிவிடும் என்றார்கள், ஆனது. பெரும்பாலோருக்கு ஆகிவிடும். மூன்றாவது வேலையைப் பற்றி மட்டும் கேள்வியே இல்லை. நானே கேட்டேன்.

"டாக்டர், தொட்டா உணர்ச்சியே இல்ல. திரும்ப வருமா?"

"உங்களுக்கு எத்தனை குழந்தைங்க?"

"ரெண்டு."

"அப்புறம் என்னம்மா?"

சொன்னவர் பெண். என் வயதுதான் இருக்கும்.

பிள்ளை பெற்றவளின் இன்பம் கணக்கு முடித்த கடையா? இதே குறையோடு ஓர் ஆண் வந்தால் பிள்ளைகளை எண்ணியா அனுப்புவார்கள்? அவனுக்கு 1998இலேயே வயாகரா வந்துவிட்டது. அதே 1998இல்தான் ஆஸ்திரேலியச் சிறுநீரக அறுவை மருத்துவர் ஹெலன் ஓ'கானல், பிணங்களை அறுத்துப் பார்த்து, கிளிட்டோரிஸ் பாடநூல்கள் காட்டுவதைவிட எவ்வளவோ பெரியது என்று எழுதினார். ஆணுக்கு மாத்திரை வந்த ஆண்டில் நமக்கு வரைபடத்தையே திருத்த வேண்டியிருந்தது.

வீட்டில் வேறு கூத்து. அக்கியின் மருத்துவப் பெயர் ஹெர்பிஸ் ஜோஸ்டர். சீட்டில் முதல் சொல்லை மட்டும் படித்த நாத்தனார், என் கணவரைத் தனியே அழைத்துப் பேசினார். பிறப்புறுப்பு ஹெர்பிஸ் வேறு வைரஸ், அக்கி யாரிடமிருந்தும் படுக்கையில் வாங்கி வருவதல்ல என்று நான் விளக்க வேண்டியதாயிற்று. விளக்கியதற்காக இப்போது வெட்கப்படுகிறேன். அந்த வைரஸாகவே இருந்திருந்தாலும் அது நடத்தைச் சான்றிதழா என்ன?

கொப்புளம் காய்ந்த பின்னும் மாதக்கணக்கில் வலி நிற்கலாம். உள்பாவாடை உரசினாலே தீப்பட்டது போலிருக்கும். அந்த வலியோடு விலகிப் படுப்பவளுக்குத் 'தாம்பத்தியத்தில் நாட்டமில்லை' என்று பெயர். வலிக்குத் தரும் அமிட்ரிப்டிலின் மாத்திரை சிறுநீரைத் தடுக்கலாம், இச்சையைக் குறைக்கலாம். என்னிடம் 'தூக்கம் வரும்' என்று மட்டும் சொன்னார்கள்.

எட்டாம் மாதம் மறுபரிசோதனைக்குப் போனேன். கோப்பில் 'முழுக் குணம்' என்று எழுதியிருந்தது. மேசையிலிருந்த பேனாவை எடுத்து அதன் கீழே எழுதினேன்: இடப்பக்கம் இன்னும் பாதி மரத்திருக்கிறது.