நடந்த வருஷமா, அச்சடிச்ச வருஷமா?

சிவகாசி அச்சகம் ஒன்றில் முப்பத்தொரு வருஷம் புரூஃப் பார்த்தவன் நான். சொந்த ஊர் அச்சங்குளம். "அச்சு வேலைக்குன்னே பேரு வச்ச ஊருய்யா உம்ம ஊரு" என்று கம்போசிங்காரர்கள் கேலி செய்வார்கள். ஈய எழுத்து போய் ஆஃப்செட் வந்தது, பிறகு கம்ப்யூட்டர் வந்தது. எனக்குக் கண்ணில் புரையும் வந்தது. அறுவை முடிந்து வீட்டில் உட்கார்ந்தபின் கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. தமிழ் விக்சனரியில் சொற்களுக்கு மேற்கோள் சேர்க்க ஆரம்பித்தேன்.

விக்சனரி, யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம் என்றிருக்கும் இணைய அகராதி. தமிழில் 2004-ல் தொடங்கியது. மூன்று லட்சம் சொற்களைத் தாண்டிவிட்டது. பல பக்கங்களில் பொருள் இருக்கும், இணையான ஆங்கிலச் சொல் இருக்கும். அந்தச் சொல்லை யார், எங்கே, எப்படிப் புழங்கினார்கள் என்பது மட்டும் இருக்காது. அதற்கென்று 'இலக்கியப் பயன்பாடு' என்றொரு தலைப்பு உண்டு. அதன் கீழ் நிரப்பத்தான் ஆள் வேண்டும்.

நான் கையில் எடுத்தது கோயிலொழுகு. ஸ்ரீரங்கம் கோயிலின் வரலாற்றைத் தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்த ஏடு. காரணம் என் அம்மா. ஆடிப்பூரத்துக்கு எங்களை ஸ்ரீவில்லிபுத்தூர் கூட்டிப்போவாள். அங்கே சாமி வர மாட்டார், எழுந்தருளுவார். சாப்பிட மாட்டார், அமுது செய்வார். வீட்டில் புளியஞ்சோறும் துவையலும் தின்ற பிள்ளைகளுக்கு அந்தப் பேச்சே ஒரு வேடிக்கை. அந்தச் சொற்கள் அகராதிக்குள் போக வேண்டுமென்றால் கோயில் உரைநடையிலிருந்துதான் சான்று எடுத்தாக வேண்டும். 'திருநாட்டுக்கு எழுந்தருளினார்' என்றால் காலமானார் என்று பொருள். மேற்கோளை அரைகுறையாக வெட்டிப் போட்டால், இன்றைக்குப் படிக்கிற பிள்ளை அவர் ஏதோ வெளிநாட்டுக்குப் போனார் என்றுதான் நினைக்கும்.

ஆங்கில விக்சனரியில் மேற்கோளின் தலையிலேயே ஆண்டைத் தடித்த எழுத்தில் போடுவார்கள். அடுத்து ஆசிரியர், நூல், பக்கம். ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்குத் தன்னார்வலர்கள் சீட்டு எழுதி அனுப்பிய காலத்திலிருந்து வருகிற பழக்கம் அது. பார்க்க எடுப்பாக இருந்ததால் நானும் பிடித்துக்கொண்டேன். டில்லிப் படை ஸ்ரீரங்கத்துக்கு வந்ததையும் கோயில் உற்சவரான அழகியமணவாளனை ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர் தெற்கே எழுந்தருளப் பண்ணிக்கொண்டு போனதையும் சொல்லும் பகுதியிலிருந்து ஒரு வாக்கியம் எடுத்தேன். தலையில் தடித்த எழுத்தில் 1323 என்று போட்டேன்.

என் அண்ணன் பேத்தி எம்.ஏ. தமிழ் படிக்கிறாள். லீவுக்கு வந்தவள் திரையை எட்டிப் பார்த்தாள்.

"தாத்தா, 1323 எதுக்கு? நடந்த வருஷமா, எழுதின வருஷமா, அச்சடிச்ச வருஷமா?"

"நடந்ததுதான் தாயி."

"அப்போ அந்த வருஷமே இந்த வார்த்தை இருந்துச்சுன்னு ஆயிருமே."

முப்பத்தொரு வருஷம் அடுத்தவன் பிழையைப் பிடித்தவன், பேத்தியிடம் மாட்டிக்கொண்டேன். அவள் சொன்னது சரி. கோயிலொழுகு ஒருவர் ஒரே மூச்சில் எழுதி முடித்த நூல் கிடையாது. பல நூற்றாண்டுகள், பல கைகள். முன்னவர் எழுதியதைப் பின்னவர் படியெடுக்கும்போது சேர்த்தார், விட்டார், தம் காலத்துச் சொல்லைப் போட்டார். 1323-ல் நடந்ததைச் சொல்லும் வாக்கியம், அதற்கு இருநூறு முந்நூறு வருஷம் கழித்து இன்றைய வடிவுக்கு வந்திருக்கலாம். அதன் தலையில் 1323 என்று தடிப்பாகப் போட்டதும் ஒரு சொல்லின் வயதை நானே ஏற்றிவிட்டேன். அந்தப் பக்கத்தைப் பார்த்து ஆராய்ச்சி மாணவர் ஒருவர் குறிப்பெடுப்பார். அதை இன்னொருவர் எடுத்து எழுதுவார்.

இது ஏட்டுக்கு மட்டும் வரும் சிக்கல் என்று நினைக்க வேண்டாம். 2021 பிப்ரவரி 12 மதியம் எங்கள் ஊரில் பட்டாசு ஆலை வெடித்தது. அச்சங்குளம் என்ற பெயர் நாடு முழுக்கப் பேப்பரில் வந்தது அதனால்தான். மறுநாள் தாளில் இறந்தவர் எண்ணிக்கை ஒன்று. அதற்கடுத்த நாள் வேறொன்று. ஆஸ்பத்திரியில் ஒவ்வொருவராகப் போகப் போக இருபதைத் தாண்டியது. எந்தத் தேதித் தாள் என்று சொல்லாமல் யாராவது ஒரு வரியை மேற்கோளாகப் போட்டால், எங்கள் தெருவில் சிலர் சாகவே இல்லை என்றாகிவிடும்.

ஆகவே என் கட்சி இதுதான். பழைய சமய வரலாற்று நூல்களை இணைய அகராதியில் மேற்கோள் காட்டும்போது, தலையில் தடித்த ஆண்டு என்ற ஆங்கில அச்சை அப்படியே வார்க்கக் கூடாது. கையிலிருக்கும் பதிப்பின் ஆண்டை, 'பதிப்பு' என்று பெயர் சொல்லியே போட வேண்டும். கோயிலொழுகு 1909-ல் சென்னை ஆனந்தா அச்சுக்கூடத்தில் அச்சானது. அதைப் பார்த்து எழுதினால் '1909 பதிப்பு' என்று சொல்லிவிட்டுப் பக்க எண் போடலாம். நடந்த காலம் தெரிய வேண்டுமென்றால் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி எழுதலாம். கல்வெட்டுச் சங்கதி வேறு. அழகியமணவாளனை விஜயநகரத் தளபதி கோபண்ணர் திரும்ப எழுந்தருளச் செய்ததைச் சொல்லும் ஸ்ரீரங்கத்துக் கல்வெட்டில் சக ஆண்டு 1293 குறிக்கப்பட்டிருக்கிறது, அதாவது 1371-72. கல்லில் வெட்டிய சொல்லுக்கு அந்த ஆண்டைத் தைரியமாகத் தலையில் போடலாம்.

நூற்பெயர் விஷயத்திலும் இதே கதைதான். சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, பிறகு ஓர் அனுபந்தம். வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியராக இருந்து முடித்தார். ஒரு லட்சத்துக்கும் மேலான சொற்களை ஈய எழுத்தில் அடுக்க வேண்டும். அதனால் நூற்பெயரைச் சுருக்கிக் 'கோயிலொ.' என்று போட்டு ஓர் எண்ணை வைத்தார்கள். சரிதான், காகிதம் காசு. சுருக்கத்தின் விரிவு புத்தகத்தின் முகப்பிலேயே இருந்தது. இணையத்தில் அந்த வரியை மட்டும் வெட்டி ஒட்டும்போது முகப்பு கூட வருவதில்லை. 'கோயிலொ.' அந்தரத்தில் நிற்கிறது. திரையில் காகிதச் செலவு ஏது? முழுப்பெயரை எழுதினால் யார் கை வலிக்கப் போகிறது?

'ஆறாயிரப்படி' இன்னும் மோசம். ஆழ்வார், ஆசாரியர் வரலாறு சொல்லும் பின்பழகிய பெருமாள் ஜீயரின் குருபரம்பராப்ரபாவமும் ஆறாயிரப்படி. திருவாய்மொழிக்குத் திருக்குருகைப்பிரான் பிள்ளான் எழுதிய உரையும் ஆறாயிரப்படி. மொட்டையாக 'ஆறாயிரப்படி' என்று போட்டால் எதைத் தேடுவது? படி என்பது ஒற்று நீங்கலாக முப்பத்திரண்டு எழுத்து. ஆறாயிரம் படி என்றால் ஒரு லட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரம் எழுத்து. எழுத்தை எண்ணிப் புத்தகத்தின் நீளத்தைச் சொன்ன அந்தக் காலத்து ஆட்கள்மேல் எனக்குத் தனிப் பிரியம். அவர்களும் என் ஜாதி, புரூஃப் ஜாதி.

அடுத்தது தடித்த எழுத்துப் பஞ்சாயத்து. மேற்கோளுக்குள் தலைச்சொல்லை மட்டும் தடிப்பாக்க வேண்டும் என்பது ஆங்கில வழக்கம். அங்கே சொற்களுக்கு நடுவே இடைவெளி உண்டு. நம் உரைநடையில் சொல்லும் சொல்லும் ஒட்டி நிற்கும். 'விளக்கு' தலைச்சொல் என்று வையுங்கள். ஏட்டில் 'விளக்கேற்றி' என்று இருக்கிறது. 'கே' என்ற எழுத்தில் பாதி விளக்குக்கு, பாதி ஏற்றுவதற்கு. அரை எழுத்தை எப்படித் தடிப்பாக்குவது? ஈயக் காலத்தில் யாரும் கேட்டிருக்கவே மாட்டார்கள். கம்ப்யூட்டரில் முயன்று பார்த்தேன். கொம்பு தனியே பிய்ந்து, பக்கத்தில் புள்ளி வட்டம் ஒன்று முளைத்தது. பல் விழுந்த இடம் மாதிரி இருந்தது. ஒட்டி நிற்கும் சொல் முழுவதையும் தடிப்பாக்கிவிட்டு, அடுத்த வரியில் விளக்கு + ஏற்றி என்று பிரித்துக் காட்டுவதுதான் வழி. மேற்கோளுக்குள்ளேயே பிரித்துப் போடும் நண்பர்கள் இருக்கிறார்கள். அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். ஸ்ரீயைத் திருவாக்குவதும், ஜீயரைச் சீயராக்குவதும் அப்படித்தான். தனித்தமிழில் எனக்கும் ஆசை உண்டு. என் சொந்த வாக்கியத்தில் காட்டிக்கொள்கிறேன். வடமொழி கலந்த மணிப்பிரவாளத்தில் எழுதியவர் வாயில் அதைத் திணித்து மேற்கோள்குறி போட்டால் அதற்குப் பெயர் பொய்.

மேற்கோள் பொய்யாவது எப்படி என்று எனக்குத் தெரியும். ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் புது காலண்டர் ஆல்பம் வெளியிடுவார்கள். அதற்கு முன் எங்களுக்குத் தூக்கம் கிடையாது. தினசரித் தாளின் அடியில் ஒரு பொன்மொழி வர வேண்டும். இடம் போதாவிட்டால் முதலில் வெட்டுப்படுவது சொன்னவர் பெயர். யார் சொன்னது என்று தெரியாத வாக்கியம் என்றால் 'விவேகானந்தர்னு போடுங்கண்ணே, யாரும் கேக்க மாட்டாங்க' என்பார் மேனேஜர். நானும் டிக் அடித்து அனுப்பியிருக்கிறேன். அந்தத் தாள் மறுநாள் காலையில் கிழிந்துவிடும். அகராதிப் பக்கம் கிழியாது.

பேத்தி ஊருக்குக் கிளம்புமுன் 1323-ஐ எடுத்துவிட்டேன். இப்போது அங்கே '1909 பதிப்பு' என்று இருக்கிறது. அதே தப்போடு நான் ஏற்றிவிட்ட பக்கங்கள் இன்னும் முப்பத்தெட்டு பாக்கி. கோயிலொழுகோ குருபரம்பரையோ பழைய அச்சில் வீட்டுப் பரணில் வைத்திருப்பவர்கள், கரையான் முந்துவதற்குள் முகப்புத் தாளையும் ஒரு படம் எடுத்து வையுங்கள்.