தீயணைப்போர் பட்டியலில் பெண்களின் பெயர் எங்கே?

பகல் நேரத்தில் லயத்தில் தீப்பிடித்தால் முதலில் ஓடிவருபவர்கள் யார்? ஆண்களில் பலர் கொழும்பிலும் மற்ற நகரங்களிலும் கடைகளிலும் கட்டட வேலையிலும் இருக்கிறார்கள். லயத்தில் இருப்பவர்கள் முதியவர்களும் கைக்குழந்தைக்காரிகளும். புகையைக் கண்டு மலையிலிருந்து இறங்கி ஓடிவருபவர்கள் கொழுந்து பறிக்கும் பெண்கள்தான்.

வெள்ளைக்காரர் காலத்து லயங்களுக்கு ஒரே நீளக் கூரை. ஒரு காம்பராவில் மின் ஒழுக்கு ஏற்பட்டால் நெருப்பு கூரை வழியாக அடுத்த காம்பராவுக்குப் போய்விடும். தீயணைப்பு வண்டியோ நகரத்தில் நிற்கிறது. அது தோட்டத்துப் பாதையில் ஏறி வரும்வரை பீலியிலிருந்து குடம் குடமாகத் தண்ணீரைக் கைமாற்றுவது, கேஸ் சிலிண்டரை வெளியே இழுப்பது, நடக்க முடியாத தாத்தாவைத் தூக்கி வருவது எல்லாம் பெண்கள் செய்கிறார்கள். எந்தக் காம்பராவில் யார் படுத்த படுக்கையாக இருக்கிறார் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் தீயணைக்கும் குழுவுக்குப் பெயர் எழுதும்போது ஆண்களின் பெயர்களே வருகின்றன. எங்கள் பகுதியில் நடந்த ஒரு பயிற்சியில் தீயணைப்புக் கருவியைத் தொட்டுப் பார்க்க ஒரு பெண்ணும் அழைக்கப்படவில்லை. அன்று பகல் சாப்பாடு சமைத்தது மட்டும் பெண்கள்.

இதைவிடப் பெரிய அநியாயம் பேர் போடுவதில் நடக்கிறது. கடந்த வறட்சியில் பக்கத்து டிவிசனில் மானாப்புல் பற்றி எரிந்தது. கொழுந்தை நிரையிலேயே போட்டுவிட்டு, ஈரச் சாக்கோடு ஓடிய பெண்களுக்கு அன்று அரைப்பேர். கொழுந்து நிறை காணாதாம். அதே நெருப்பை அணைத்த கவ்வாத்து ஆண்களுக்கு முழுப்பேர். “தீய அணைச்சதுக்கு அரைப்பேருன்னா, அடுத்த தடவ நாங்க பேசாம கொழுந்த ஆஞ்சிக்கிட்டே நிக்கணுமா டீச்சர்?” என்று ஒரு அக்கா கேட்டார். நிர்வாகம்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

“ஆபத்தான வேலை, பொம்பளைகளுக்கு எதுக்கு?” என்று சிலர் கேட்கிறார்கள். ஆபத்து உண்மைதான். ஆனால் பயிற்சி இல்லாமல் ஓடும்போதுதான் அது இரட்டிப்பாகிறது. மெயின் சுவிட்சை நிறுத்தாமல் மின்சாரத் தீயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. புல் தீ மேட்டை நோக்கி வேகமாக ஏறும், அதனால் தீக்கு மேல்பக்கம் நிற்கக்கூடாது. இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் படங்கும் நைலோன் சேலையும் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும், அவற்றோடு தீக்கு அருகில் போகக்கூடாது. இவற்றைச் சொல்லிக் கொடுக்காமல் “பெண்கள் ஒதுங்கி நில்லுங்கள்” என்றால் யார் ஒதுங்குவார்கள்? எரிவது அவர்கள் வீடு. உள்ளே இருப்பது அவர்கள் பிள்ளை.

மற்ற நாடுகளிலும் இந்தப் போராட்டம் உண்டு. அவுஸ்திரேலியாவின் கிராமப்புறங்களில் காட்டுத்தீயை அணைப்பவர்களில் பெரும்பாலானோர் சம்பளம் வாங்காத தொண்டர்கள். அங்கும் அது நெடுங்காலம் ஆண்களின் வேலை. சேர வந்த பெண்களுக்குச் சமையலும் ரேடியோவில் செய்தி சொல்வதும்தான் கிடைத்தன. வண்டியில் ஏறியவர்களுக்கோ ஆண்களின் அளவில் தைத்த உடுப்பும் பூட்ஸும். விடாமல் நின்றார்கள். 2019-2020 கோடையில் அந்நாட்டை எரித்த பெருந்தீயின் முன்வரிசையில் பெண்களும் நின்றார்கள். இந்தோனேசியாவின் மேற்குக் கலிமந்தானில் 2022ஆம் ஆண்டு கிராமத்துத் தாய்மார் தனிக் குழுவே அமைத்து, காட்டுத்தீயைத் தடுக்க ரோந்து போகிறார்கள். அவர்களும் நம்மைப் போன்ற உழைக்கும் வீட்டுப் பெண்களே.

ஆண்களின் துணிச்சலை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. எரியும் கூரையில் ஏறித் தகரத்தைக் கழற்றிய தம்பிமாரை நாங்கள் அறிவோம். அந்தத் தம்பிமார் ஊரில் இல்லாத பகல்களைப் பற்றியே பேசுகிறோம்.

எனவே நாங்கள் கேட்பது இவை:

1. ஒவ்வொரு டிவிசனின் தீயணைப்புக் குழுவிலும் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். பகல் நேரப் பொறுப்பு அங்கே இருக்கும் ஒரு பெண்ணிடம் இருக்க வேண்டும்.

2. பயிற்சி வேலை நேரத்தில், முழுப்பேரோடு நடக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வைத்தால் சமையலும் துவையலும் விட்டு எந்தப் பெண்ணும் வர முடியாது.

3. தீயணைக்கப் போன நாளுக்கு, ஆண் பெண் பேதமின்றி முழுப்பேர் வேண்டும்.

4. பெண்களின் அளவில் பூட்ஸும் கையுறையும் பருத்தி மேலங்கியும் வேண்டும்.

5. தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் வேலையின்போது வேலை காரணமாக ஏற்படும் காயத்தைப் பற்றிப் பேசுகிறது. தீயணைக்கும்போது ஏற்படும் காயமும் வேலைக் காயமே என்று நிர்வாகம் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மாதர் தலைவிமாரே, அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் லயத்தில் தீயணைக்க முன்வரும் பெண்களின் பெயர்களை எழுதிக்கொண்டு வாருங்கள். தலைவர்மாரே, அந்தத் தாளை வாங்கி வைத்துவிடாமல் துரையிடம் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்குங்கள். அடுத்த வறட்சி வருமுன் இது முடிய வேண்டும். அதுவரை 117 என்ற அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கத்தை ஒவ்வொரு காம்பராக் கதவிலும் எழுதி வையுங்கள்.