மலைப் பாதை யாருடையது?

யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பிறந்தவர்களுக்கு மலை என்பது பெயரளவிலேதான் உண்டு. கீரிமலைக்குச் சென்றால் கேணியும் கடலும் இருக்கின்றன, மலை இல்லை. ஆதலால், குறிஞ்சித் திணையை நம் மாணவர் நூலிலே கற்று நூலிலேயே விட்டுவிடுகின்றனர். இக்குறை தீர அவர்கள் மலைநாட்டில் நடக்கவேண்டும் என்பது என் கருத்து. பஸ்ஸில் அமர்ந்து மலையைப் பார்த்துவருவதை நான் சொல்லவில்லை, நடப்பதையே சொல்கிறேன்.

அதற்குப் பிதுருதலாகலை போன்ற பெருமலை வேண்டுவதில்லை. கண்டிக்கு அணித்தே, பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பின்புறத்தே எழுந்து நிற்கும் ஹந்தானைத் தொடர் போதும். அதன் ஏழு சிகரங்களுள் ஒன்றேனும் 4000 அடியை எட்டுவதில்லை. காலையில் ஏறியவர் மாலைக்குள் இறங்கிவிடலாம். மானாப்புல்லை விலக்கி, காலிற் பற்றிய அட்டையைக் களைந்து, மூச்சு வாங்க ஏறும்போதுதான் சரிவு என்னும் சொல்லின் பொருள் விளங்கும். எதிரிலிருந்த சிகரத்தை மூடுபனி கணப்பொழுதில் மறைத்துவிடும். அதைக் கண்டவனுக்குக் குறிஞ்சிக்கு உரை தேவைப்படாது.

எனினும், நான் வற்புறுத்த விரும்புவது பிறிதொன்று. மலையேறி வந்தோர் எழுதும் கட்டுரைகளில் அருவி உண்டு, பனி உண்டு, பசுமை உண்டு. தாம் நடந்த பாதையை வெட்டியவர் யார் என்ற வினா மட்டும் இல்லை. மலைநாட்டின் ஒற்றையடிப் பாதைகளுட் பல, உல்லாசப் பிரயாணிகளுக்காக உண்டானவை அல்ல. கொழுந்துக் கூடை சுமந்தோர் நடந்து நடந்து உண்டானவை. கோப்பிக் காலத்திலே தென்னிந்தியாவிலிருந்து வந்த அவர்தம் முன்னோர், மன்னார்க் கரையில் இறங்கி, காடு கடந்து மாத்தளைக்குக் கால்நடையாகவே வந்தனர். வழியிலே மடிந்தோர் பலர். கண்டிச் சீமையின் லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் 19 ஏக்கரிலே தேயிலை பயிரானது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, மலைகள் தேயிலைக்கு மாறின. உழைத்த கால்கள் மாறவில்லை.

அவ்வழியின் நினைவாகவே, மலையகத் தமிழரின் இருநூறு ஆண்டு நிறைவையொட்டி 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் ஒன்று நிகழ்ந்தது. ஹந்தானையிலே பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்று 2001 முதல் அருங்காட்சியகமாக விளங்குகிறது. அங்கே இயந்திரங்களைப் பேணிவைத்திருக்கிறார்கள், நல்லதே. ஆனால், பாதை அமைத்த மக்களுட் பலருக்கு இன்றும் தாம் குடியிருக்கும் நிலத்துக்கு உறுதி இல்லை.

பொழுதுபோக்க நடப்பவன் தலையிலே சரித்திரத்தை ஏன் ஏற்றவேண்டும் என்று சிலர் வினவக்கூடும். விருந்துண்டவன் சமைத்தவரை விசாரிப்பது சுமையாகுமா? அது பண்பு. அவ்வளவே.

ஆகவே, மாணவரை மலைக்கு அழைத்துச்செல்லும் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்வேன். ஹந்தானை 2010இல் சுற்றாடற் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. அங்கே தீ மூட்டவும் குப்பை எறியவும் இடந்தராதீர்கள். தோட்டத்தின் ஊடே வழி சென்றால், லயத்து வாசலில் நின்று வணக்கம் சொல்லி, வழி கேட்டுச் செல்லப் பழக்குங்கள். அங்குள்ள முதியவர் ஒருவர் பேச முன்வந்தால், சிகரம் சற்றுக் காத்திருக்கட்டும்.