முகம் பெற்றோரும் பெயர் பெறாதோரும்

மன்னர்கள் போர் தொடுத்தனர், தளபதிகள் வென்றனர் என்று எழுதியே பழகிவிட்டது வரலாற்றின் எழுதுகோல். தொடுத்தவர் பெயர் தெரியும். வென்றவர் பெயர் தெரியும். எந்த நகருக்குள் எவர் எந்தக் குதிரைமீது அமர்ந்து நுழைந்தார் என்பதுங்கூடத் தெரியும். அந்தக் குதிரைக்கு முன்னே நடந்தவன் யார்? பதுங்குகுழியிலே, முழங்காலளவு சேற்றிலே, இரவெல்லாம் நின்றவன் யார்? அவனுக்குக் குளிர்ந்ததா, பசித்ததா, தாயை நினைத்தானா என்று கேட்டால் ஏடு வாய்மூடிக்கொள்கிறது. 'பல்லாயிரவர் மடிந்தனர்' என்ற ஒரே வரியில் அவனைப் புதைத்துவிட்டு, அடுத்த பக்கத்தில் உடன்படிக்கை பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறது.

அப்படிப் புதைக்கப்பட்ட மனிதனை எழுப்பிக் கொண்டுவந்து, உலகின் கண்முன் நிறுத்திய ஒரு திரைப்படத்தைப் பற்றியே இந்த ஞாயிறன்று பேச விழைகிறோம். நியூசிலாந்து நாட்டு இயக்குநர் பீட்டர் ஜாக்சன், 2018-இல், முதல் உலகப்போர் முடிந்த நூற்றாண்டு நினைவையொட்டி உருவாக்கிய படம் அது. 'தே ஷல் நாட் க்ரோ ஓல்ட்' என்பது அதன் பெயர். அவர்கள் முதுமை எய்தமாட்டார்கள் என்பது பொருள். முதுமை எய்துமுன்னே மாய்க்கப்பட்டவர்களைப் பற்றிய படத்துக்குப் பொருத்தமான பெயர்தான்!

லண்டனில் உள்ள ஏகாதிபத்தியப் போர் அருங்காட்சியகம் 1917-இல் அமைக்கப்பட்டது. அங்கே உறங்கிக் கிடந்த பழைய படச்சுருள்களில் சுமார் 100 மணி நேரத்திற்கானவை ஜாக்சனிடம் ஒப்படைக்கப்பட்டன. போரில் பங்கேற்றுத் திரும்பிய சுமார் 200 முதியவர்களிடம் பின்னாளில் பதிவுசெய்த பேட்டிகள், சுமார் 600 மணி நேர அளவில், அவருக்குத் துணை நின்றன. அந்தப் பேட்டிகளில் பல, 1964-இல் பி.பி.சி. ஒளிபரப்பிய 26 பகுதிகள் கொண்ட போர் வரலாற்றுத் தொடருக்காக எடுக்கப்பட்டவை. படத்திலே விளக்கவுரையாளர் இல்லை, பேராசிரியர் இல்லை, தளபதியின் வரைபடம் இல்லை. சிப்பாய் காட்டப்படுகிறான், சிப்பாயே பேசுகிறான்.

பழைய போர்ப்படங்களை நாம் பார்த்திருக்கிறோம். வீரர்கள் பொம்மைகள்போலத் துள்ளித் துள்ளி நடப்பார்கள். கைகள் வெட்டி வெட்டி ஆடும். பார்ப்பவர்க்குச் சிரிப்பு வரும். சாகப் போகிறவனைப் பார்த்து உலகம் நூறாண்டுகள் சிரித்தது! குற்றம் அவனுடையதன்று. அந்நாளில் படக்கருவியைக் கையால் சுழற்றினார்கள். சுழற்றியவரின் கைவேகத்துக்கு ஏற்ப, நொடிக்கு 10 முதல் 18 படச் சட்டங்கள் வரை பலவாறாகப் பதிந்தன. அவற்றைப் பிற்காலக் கருவியில் நொடிக்கு 24 என்ற வேகத்தில் ஓட்டியபோது, மனிதன் பொம்மையானான். ஜாக்சன் குழுவினர் ஒவ்வொரு காட்சியும் எந்த வேகத்தில் எடுக்கப்பட்டது என்று கணித்தனர், இடையில் இல்லாத சட்டங்களைக் கணினியின் துணையால் உருவாக்கி நிரப்பினர், கீறல்களை நீக்கினர், கருத்துப் போனதை வெளுப்பாக்கி, வெளுத்துப் போனதைக் கருப்பாக்கினர். உடுப்பின் நிறம், சேற்றின் நிறம், புல்லின் நிறம் ஆகியவற்றை ஆராய்ந்து வண்ணம் ஏற்றினர். பொம்மை மீண்டும் மனிதனாயிற்று!

ஊமைப்படத்தில் உதடுகள் அசைகின்றன, ஓசை இல்லை. உதட்டசைவைப் படிக்கத் தெரிந்தவர்களை அழைத்து, அந்த வீரன் என்ன சொன்னான் என்று கண்டறிந்தனர். தொப்பியிலும் தோளிலும் உள்ள சின்னத்தைக் கொண்டு படைப்பிரிவையும், அதைக் கொண்டு அவன் எந்த வட்டாரத்தான் என்பதையும் அறிந்து, அதே வட்டாரத்துப் பேச்சு உடைய நடிகர்களைப் பேசவைத்தனர். இலங்காஷயர்க்காரன் இலங்காஷயர்க்காரனாகவே பேசினான். ஏழையின் பேச்சு ஏழையின் பேச்சாகவே ஒலிக்கட்டும் என்று கருதியது, வெறும் தொழில்நுட்பம் அன்று. அது ஒரு மரியாதை.

அந்த மரியாதையின் அருமை, படச்சுருள் பிறந்த கதையை அறிந்தோர்க்கே முழுமையாக விளங்கும். 1916-இல் பிரிட்டிஷ் அரசு படப்பிடிப்பாளரைப் போர்முனைக்கு அனுப்பியது, சிப்பாயின் துயரைப் பதிவுசெய்ய அல்ல. வீட்டிலிருப்போரின் உற்சாகம் குன்றாமல் காக்க. ஜெஃப்ரி மாலின்ஸ், ஜான் மக்டவல் என்ற இருவர் எடுத்த சோம் போர்ப்படம் அவ்வாண்டு ஆகஸ்டில் வெளியாயிற்று. ஆறே வாரங்களில் சுமார் 2 கோடி நுழைவுச் சீட்டுகள் விற்றன. அதிலே, பதுங்குகுழியிலிருந்து ஏறிப் பாய்வதாகப் புகழ்பெற்ற காட்சி பயிற்சிக் களத்தில் நடித்துக் காட்டப்பட்டதே எனப் பின்னர் ஆய்வாளர் நிறுவினர். உண்மைத் தாக்குதலின் நடுவே கருவியைச் சுழற்ற எவரால் இயலும்? ஆகவேதான் ஜாக்சனும் கைகலப்பைக் காட்டவேண்டிய இடத்தில், அக்கால இதழ்களில் வந்த ஓவியங்களைத் துணைக்கொள்ள நேர்ந்தது.

ஆயினும், அரசு தன் தேவைக்காகத் திறந்த அந்தக் கண்ணாடி வில்லையின் வழியே, அரசு விரும்பாத உண்மையும் உள்ளே நுழைந்துவிட்டது. 1916 ஜூலை முதல் நாள் காலை, போமோன் ஆமல் என்ற சிற்றூர் அருகே, ஒரு பள்ளப்பாதையில் பதுங்கியிருக்கும் இலங்காஷயர் படைப்பிரிவினரை மாலின்ஸ் படமெடுத்தார். தாக்குதலுக்குப் புறப்படச் சிறிது நேரமே இருந்தது. கருவியை நோக்கிச் சிலர் புன்னகை செய்கின்றனர். சிலருக்கு அதுவும் வரவில்லை. ஒருவன் விழி இமைக்காமல் நம்மையே பார்க்கிறான். அன்று ஒரே நாளில் பிரிட்டிஷ் படையில் 57,470 பேர் சேதமுற்றனர். மாண்டவர் மட்டும் 19,240 பேர். எண்ணைப் படிக்கிறோம், அதிர்ச்சி அடைகிறோம், மறந்துவிடுகிறோம். அந்த இமைக்காத விழிகளை மறக்க முடியவில்லையே! எண்ணால் ஆகாததை முகம் செய்கிறது. முகத்தை மறைத்து எண்ணை மட்டும் காட்டுவது ஆள்வோர்க்கு வசதியாயிருப்பதும் அதனால்தான்.

அந்த முதியவர்கள் பேசுவது வீரவசனம் அல்ல. வயதைக் கூட்டிச் சொல்லிப் படையில் சேர்ந்த சிறுவர்கள், பேன், எலி, அழுகிய கால்கள், தேநீர், எல்லோரும் ஒரே கம்பத்தில் வரிசையாய் அமரும் கழிப்பிடம் என, அவர்கள் சொல்வதெல்லாம் அன்றாட வாழ்க்கை. சிறைப்பட்ட ஜெர்மானியனோடு சிரித்துப் பேசி, இவனும் நம்மைப்போல் ஒரு தொழிலாளி மகன்தானே என்று உணர்ந்ததையும் சொல்கின்றனர். அரண்மனைகள் பகைத்துக்கொண்டன, அடுப்படிகள் பகைக்கவில்லை! போர் முடிந்தது. உயிரோடு திரும்பியவர்க்கு வேலை கிடைப்பதே அரிதாயிற்று. பட்ட பாட்டைக் கேட்கவும் ஆளில்லை. பழைய வேலையிடத்துக்குத் திரும்பிய ஒருவரிடம், இவ்வளவு நாளாய் எங்கே போயிருந்தாய், இரவுப் பணியிலா என்று உடன் உழைப்பவர் கேட்ட செய்தியோடு அந்தப் படம் முடிகிறது. நான்காண்டு நரகம், ஊராருக்கு இரவுப் பணி!

பழைய ஆவணத்துக்கு வண்ணம் பூசலாமா, இல்லாத ஓசையைச் சேர்க்கலாமா என்று வரலாற்றறிஞர் சிலர் வினவினர். வினா நியாயமானது. இன்று கண்ணை ஏமாற்றும் கருவிகள் பெருகிவிட்டன. நடக்காததை நடந்ததாகக் காட்டுவது விளையாட்டாகிவிட்டது. ஆகவே மூலச்சுருள் மாசுபடாமல் காக்கப்படவேண்டும். எது அன்று பதிந்தது, எது இன்று சேர்ந்தது என்பதை ஒளிக்காமல் உரைக்கவேண்டும். இந்த இரண்டும் நிறைவேறுமாயின், தூசி துடைப்பது பொய் ஆகாது. மங்கிய கல்வெட்டைப் படியெடுப்பவன் கல்வெட்டைத் திருத்துவதில்லையே!

நமக்கு எழும் வினா வேறு; அதைவிடக் கனமானது. யாருக்கு முகம் கிடைத்தது? யாருக்குக் கிடைக்கவில்லை?

மேற்குப் போர்முனையின் பிரிட்டிஷ் காலாட்படையே தம் பொருள் என்று ஜாக்சன் எல்லை வகுத்துக்கொண்டார். எல்லை வகுப்பது கலைஞனின் உரிமை; அவரைக் குறைகூறுவதற்கில்லை. ஆனால் அதே மேற்குப் போர்முனைக்கு 1914 இலையுதிர் காலத்திலேயே கப்பலில் வந்து இறங்கியவன் இந்தியச் சிப்பாய். மாதம் 11 ரூபாய்ச் சம்பளத்துக்கு, தான் கேட்டறியாத மண்ணில், தான் கண்டறியாத பனியில் நின்றவன் அவன். 1915 மார்ச்சில் நவ் ஷபேல் போரில் குருதி சிந்தினான். போர் முழுவதிலுமாக இந்தியாவிலிருந்து 13 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பணியாற்றினர். சுமார் 74,000 பேர் மாண்டனர். பிரான்சில் இருந்த இந்தியப் படையினரைக் காட்டும் படங்களும் அதே அருங்காட்சியகத்தில் உள்ளன. உதடுகள் அங்கேயும் அசைந்தன. அவன் என்ன சொன்னான் என்று பஞ்சாபியிலும் கார்வாலியிலும் நேபாளியிலும் படித்துச் சொல்ல யாரை அழைத்தார்கள்?

அவன் குரலை ஒருவர் பதிவுசெய்யத்தான் செய்தார். யார் தெரியுமா? எதிரி! பெர்லினுக்குத் தெற்கே வுன்ஸ்டார்ஃப் என்ற இடத்தில், பிறைநிலா முகாம் என்று அழைக்கப்பட்ட சிறைமுகாமில், ஜெர்மானிய மொழியறிஞர்கள் இசைத்தட்டுக் கருவியோடு வந்து, போர்க்கைதிகளின் மொழிகளை ஆராய்வதற்காக அவர்களைப் பேசவைத்தனர். 1916 டிசம்பர் 11 அன்று மால் சிங் என்ற பஞ்சாபிச் சிப்பாய் அங்கே பேசினான். ஊரில் வெண்ணெய் தின்று வாழ்ந்த ஒருவன் போருக்கு வந்து சிறைப்பட்ட கதையை, யாரோ ஒருவனின் கதைபோலச் சொன்னான். ஊர் திரும்ப வேண்டும் என்ற ஏக்கத்தையும் சொன்னான். அந்தத் தட்டு இன்றும் பெர்லின் ஹும்போல்ட் பல்கலைக்கழக ஒலிக்காப்பகத்தில் இருக்கிறது. எவனுக்காக அவன் போரிட்டானோ, அவன் கேட்கவில்லை; எவனை எதிர்த்தானோ, அவன் கேட்டான். அவனும் மனிதன் என்றா கேட்டான்? மொழிக்கு ஓர் எடுத்துக்காட்டு என்றே கேட்டான்!

குரல் கிடக்கட்டும், பெயராவது மிஞ்சிற்றா? 1917-இல் தோன்றிய போர்க் கல்லறை ஆணையம், மாண்டோர் அனைவரும் சமம், பதவி வேற்றுமை இல்லை, இன வேற்றுமை இல்லை என்று கொள்கை முழங்கிற்று. ஐரோப்பியர் கண்பார்வை படும் பிரான்சிலே, நவ் ஷபேல் நினைவகத்தில், 4,700-க்கும் மேற்பட்ட இந்தியரின் பெயர்கள் இடம்பெற்றன. மெசபொடேமியாவிலோ? அந்தப் போர்முனையில் சென்னை மாகாணத்துப் பொறியியல் படைப்பிரிவினரும் பாலம் கட்டிப் பாதை வகுத்தனர். அங்கு எழுந்த பாஸ்ரா நினைவுச் சின்னத்தில், இந்தியன் அதிகாரியாயிருந்தால் பெயர் உண்டு. சிப்பாயாயிருந்தால் படைப்பிரிவின் பெயரும், அதன்கீழ் இத்தனை பேர் என்ற எண்ணிக்கையுமே உண்டு. நாம் குறைசொல்லவில்லை; அந்த ஆணையமே 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டது. ஆசிய, ஆப்பிரிக்க நாட்டினருள் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமின்றி நினைவுகூரப்பட்டனர். குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவே இல்லை என்றது அறிக்கை. பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். நூறாண்டு கடந்து வந்த மன்னிப்பு!

பெயரைப் பொறிப்பது அரிய வேலையா? தமிழன் அறிவான், அல்ல என்று. போரில் வீழ்ந்தவனுக்குக் கல் தேர்ந்தெடுப்பது முதல், அதை நட்டு, சிறப்புச் செய்து, வாழ்த்துவது வரை முறை வகுத்துச் சொன்னது தொல்காப்பியம். அது பாட்டிலே மட்டும் இருந்த முறையன்று. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுக்கப்பட்ட நடுகற்களுள் ஒன்று, ஆநிரை கவர்ந்த பூசலில் மாண்ட தீயன் அந்தவன் என்பவனின் பெயரை, ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழ் எழுத்தில் இன்றும் தாங்கி நிற்கிறது. அவன் பேரரசன் அல்லன். பெரும்படைத் தலைவனும் அல்லன். மாட்டு மந்தைக்காக நடந்த சண்டையில் வீழ்ந்தவன். உளியும் கல்லும் மட்டுமே உடைய ஓர் ஊர், தன் மகனின் பெயரைக் காத்தது. கடல் கடந்து ஆண்ட பேரரசு, தனக்காக மாண்டவனின் பெயரை எண்ணிக்கைக்குள் புதைத்தது. நாகரிகம் எங்கே இருந்தது, தோழர்களே?

எனவேதான் பழைய படச்சுருளைப் புதுப்பிப்பதை வெறும் பொழுதுபோக்கு என்றோ, கணினியின் சித்துவேலை என்றோ நாம் கருதவில்லை. அது நம் நூற்றாண்டின் நடுகல். ஆனால் நடுகல்லை ஊரின் ஒரு தெருவார்க்கு மட்டும் நட்டால், அது நினைவு ஆகாது. மறதியை அழகுபடுத்துவதே ஆகும். இலங்காஷயர் இளைஞனுக்கு முகம் தந்த அதே கணினி, அதே உழைப்பு, அதே மரியாதை, பஞ்சாபி உழவனுக்கும் ஆப்பிரிக்கச் சுமைகூலிக்கும் கிட்டவேண்டும். லண்டனிலும் பெர்லினிலும் உள்ள படங்களும் குரல்களும், அவற்றில் காணப்படுவோரின் பேரப்பிள்ளைகள் வாழும் நாடுகளுக்குத் தடையின்றித் திறந்துவிடப்பட வேண்டும். அவற்றைக் கேட்டுப் பெறும் கடமை இந்தியப் பேரரசுக்கு உண்டு. கேட்க வைக்கும் கடமை நமக்கு உண்டு.

இன்றும் போர்கள் நடக்கின்றன. வானிலிருந்து எடுத்த படத்தில் ஒரு புள்ளி தோன்றும், ஒளிரும், மறையும். குறி தவறவில்லை என்பார்கள். அந்தப் புள்ளிக்குள் ஒரு முகம் இருந்தது என்று யாரும் சொல்வதில்லை. சொல்லிவிட்டால், அடுத்த போருக்கு ஆள் சேர்ப்பது கடினமாகிவிடும் அல்லவா! பள்ளப்பாதையில் பதுங்கியிருந்த அந்த வீரனின் இமைக்காத விழிகள் நூறாண்டு கடந்தும் கேட்பது ஒன்றே: என்னை அனுப்பியவர்களின் பெயர்களெல்லாம் உங்களுக்குத் தெரியும், என் பெயர் தெரியுமா?