கூட்டம் எங்கே நடக்கிறது?

புதுச்சேரியில் பிராந்திக்கடைக்கு வழி கேட்க வேண்டிய அவசியம் யாருக்கும் வந்ததில்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்கி நாலு பக்கம் பார்த்தால் போதும். கடலூர்க்காரரும் விழுப்புரத்துக்காரரும் கண்ணை மூடிக்கொண்டு வந்து சேருகிறார்கள். சாராயக்கடையையும் கள்ளுக்கடையையும் அரசாங்கமே ஏலம் விடுகிறது. ஆனால் குடியை விட நினைக்கிறவன் போய் உட்கார ஒரு கூட்டம் எங்கே, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று கேட்டுப் பாருங்கள். ஊரே உதட்டைப் பிதுக்கும்.

ஏ.ஏ. என்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்தைத்தான் சொல்கிறேன். 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு பங்குச்சந்தை ஆசாமியும் ஓர் அறுவை சிகிச்சை டாக்டரும் தொடங்கியது. இருவருமே குடிநோயாளிகள். கட்டணம் கிடையாது, விண்ணப்பப் படிவம் கிடையாது. முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்த எனக்கு இதுவே பெரிய ஆச்சரியம். குடியை விட வேண்டும் என்ற ஆசை ஒன்றுதான் தகுதி. குடித்து மீண்டவர், மீண்டுகொண்டிருப்பவரோடு பேசுவார். நம் ஊரிலும் நடக்கிறது. நடப்பதைச் சொல்லத்தான் ஆளில்லை.

என் தங்கை மகனுக்கு வயது 43. மூன்று வருஷமாக மாட்டேன் என்றவன், ஒரு புதன்கிழமை காலையில் கை நடுங்க வந்து, "மாமா, எங்கேயாவது கூட்டிக்கிட்டுப் போங்க" என்றான். குடிக்கிறவன் வாயில் அந்த வார்த்தை நாள் நட்சத்திரம் பார்த்து வருவதில்லை. வந்த அன்றைக்கே பிடித்துக்கொள்ள வேண்டும். முதலில் டாக்டரிடம் காட்டினோம். அதுதான் முறை; பல வருஷம் குடித்தவன் ஒரேயடியாக நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பும் பிதற்றலும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், "கூட்டத்துக்கும் போகச் சொல்லுங்கள்" என்றார். எங்கே என்று கேட்டேன். இடம் மாறிவிட்டதாம், புது இடம் தெரியாதாம். ஓர் அரசு அலுவலகத்தில் அது எங்கள் இலாகா இல்லை என்றார்கள். (இந்த வாக்கியத்தை எழுதும் கலையை நானும் அறிவேன்.) ஒரு கோயில் அலுவலகத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அது ரகசியக் கூட்டமாச்சே, வெளியில சொல்லலாமா?" என்று என்னையே கேட்டார்கள்.

பதினோராம் நாள் ஒரு டீக்கடைக்காரர் எதிரே இருந்த பள்ளிக்கூடத்தின் பின்கட்டைக் காட்டினார். வாரத்துக்கு இரண்டு நாள், சாயங்காலம் ஆறரை மணி. நான் அந்தத் தகவலோடு போனபோது பையன் பழையபடி குடித்துவிட்டுத் திண்ணையில் கிடந்தான். "அப்புறம் பாக்கலாம் மாமா." அந்த அப்புறம் வர நாலு மாதம் ஆயிற்று. அதற்குள் வேலை போய்விட்டது. இப்போது போய்வருகிறான்.

ரகசியம் என்றாரே, அந்தப் பேச்சைத்தான் நான் எதிர்க்கிறேன். பெயரைச் சொல்லக் கூடாது என்பது வந்து உட்காருகிறவர்களைக் காக்கிற ஏற்பாடு. யார் வந்தார், என்ன பேசினார் என்பது வெளியே போகக் கூடாது. பத்திரிகையிலும் வானொலியிலும் தன் பெயரை, முகத்தைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் அவர்கள் மரபு சொல்கிறது. நாற்காலி போட்டிருக்கும் இடத்தை மறைக்கும்படி எங்கும் சொல்லவில்லை. என்னைப் போல் பிரெஞ்சில் படித்தவர்களுக்கு ழோசப் கெசல் என்ற எழுத்தாளரைத் தெரிந்திருக்கும். அவர் அமெரிக்கா போய் இந்தக் கூட்டங்களில் உட்கார்ந்து பார்த்து, 1960-ல் பிரான்ஸ்-சுவார் நாளிதழில் தொடராக எழுதினார். ஆயிரக்கணக்கானோர் படிக்கிற பேப்பரில் பகிரங்கமாக எழுதினார். அதற்குப் பிறகுதான் பாரீசில் பிரெஞ்சுக்காரர்களின் குழு உருவானது. யார் பெயரும் கெட்டுப்போகவில்லை.

போர்டு வைத்தால் தெருவுக்கு அவமானம் என்றார் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர். அவர் வீட்டுக்கு மூன்றாவது கட்டடம் பிராந்திக்கடை. இரவு பதினொரு மணி வரை பச்சையும் சிவப்புமாக விளக்கு எரிகிறது. அதில் போகாத மானம் ஒரு முழ நீளத் தகரத்தில் போகுமா?

2019-லிருந்து பாட்டிலில் மது உடல்நலத்துக்குக் கேடு என்று அச்சிட வேண்டும் என்பது சட்டம். கேடு என்பது குடிக்கிறவனுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அவனுக்குத் தெரியாதது ஆறரை மணிக்கு எங்கே போவது என்பதுதான். லைசென்ஸ் கொடுக்கிற இலாகா, ஒவ்வொரு கடை வாசலிலும் அந்தக் கொம்யூனுக்குள் நடக்கும் கூட்டத்தின் இடம், கிழமை, நேரம் மூன்றையும் எழுதி வைத்தால்தான் லைசென்ஸ் என்று ஒரு வரி சேர்க்கட்டும். ஒரு குறிப்பாணை போதும்; நானே வரைவு எழுதித் தருகிறேன். மத்திய அரசின் 14446 என்ற இலவச உதவி எண்ணையும் அதில் போடலாம். குடிக்கிறவரின் குடும்பத்தாருக்கென்று அல்-அனான் என்ற தனிக் கூட்டம் உண்டு. என் தங்கைக்கு அப்படி ஒன்று இருப்பதே இந்த அலைச்சலில்தான் தெரிந்தது. அதையும் எழுதட்டும்.

அரசாங்கம் செய்யும்போது செய்யட்டும். உங்கள் தெருவில் கூட்டம் நடந்தால், நடத்துகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, நேரத்தை ஒரு தாளில் எழுதி மருந்துக்கடையில் ஒட்டச் சொல்லுங்கள். நம் ஓய்வூதியர் சங்கத்து அறிவிப்புப் பலகையில் டி.ஏ. உயர்வும் இரங்கல் செய்தியும் தவிர வேறெதுவும் இருப்பதில்லை. வலது ஓரத்தில் இரண்டு சாண் இடம் காலியாகக் கிடக்கிறது. செயலாளரிடம் திங்கட்கிழமை கேட்கப் போகிறேன்.