காப்புரிமைக்கு விரைவுப் பாதை: நம் ஊர்ப் பட்டறைக்கும் வழி விடுமா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோவை கணபதியில் சிறிய பட்டறை வைத்திருக்கும் தம்பி ஒருவர் வீட்டுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். பிரிண்டரை இணைத்து, தமிழ் எழுத்துருவைப் போட்டுத் தர என்னைக் கூப்பிட்டிருந்தார். வேலை முடிந்து காபி குடிக்கும்போது டிராயரிலிருந்து ஒரு காகிதச் சுருளை எடுத்து விரித்தார். ஈரோட்டுப் பக்கம் மஞ்சளைப் பாலீஷ் போடுகிற இரும்பு டிரம் இருக்கிறதல்லவா, அதில் ஒரு சின்ன மாற்றம். விரலி மஞ்சள் உடைவது குறைகிறது, தூசியும் குறைகிறது. யோசனையில் பாதி அவர் மனைவியுடையது. கம்ப்யூட்டரில் படம் போட்டதும் அவர்தான்.

"பேட்டன்ட் போட்டாச்சா தம்பி?" என்றேன்.

"ஏனுங்ணா, அது கைக்கு வர்றதுக்குள்ள இந்த மாடலே பழசாயிருமுங்க. நாலு பட்டறையில இதையே செஞ்சு வித்துருவாங்க" என்றார்.

அவர் சொன்னதில் பாதி சரி, பாதி சரியில்லை. அந்தப் பாதியைப் பற்றித்தான் இந்த மாதம் பேசப் போகிறேன். கம்ப்யூட்டர் பத்திரிகையில் காப்புரிமைக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். கடைசியில் உங்கள் மவுஸுக்கும் ஒரு வேலை இருக்கிறது!

ஏன் இத்தனை தாமதம்?

காப்புரிமை என்பது அரசு தரும் 20 ஆண்டு உரிமை. அந்த 20 ஆண்டு, சான்றிதழ் கைக்கு வரும் நாளிலிருந்து தொடங்குவதில்லை. விண்ணப்பம் போட்ட நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். ஐந்து ஆண்டு வரிசையில் நின்றால் கையில் மிஞ்சுவது பதினைந்துதான். காப்பியடித்தவர் மேல் வழக்குப் போடுவதும் சான்றிதழ் வந்த பிறகுதான் முடியும். விண்ணப்பம் வெளியிடப்பட்ட நாளிலிருந்து நஷ்ட ஈடு கேட்கலாம் என்பது ஓர் ஆறுதல். ஆனால் கேட்கவே பல காலம் காத்திருக்க வேண்டும். பெரிய கம்பெனி காத்திருக்கும். லேத் மெஷினுக்கு மாதத் தவணை கட்டுகிறவர் எப்படிக் காத்திருப்பார்?

சரி, அந்த அலுவலகத்தில் அப்படி என்னதான் செய்கிறார்கள்? முக்கியமான வேலை தேடுவது. இந்த யோசனை உலகத்தில் எங்காவது, எந்த மொழியிலாவது முன்பே வந்திருக்கிறதா என்று ஆய்வாளர் தேட வேண்டும். பழைய காப்புரிமைகள், ஆராய்ச்சிக் கட்டுரைகள், புத்தகங்கள் என எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். இது நாள் பிடிக்கும் வேலை.

இப்போது ஒரு கணக்கு. உலகம் முழுவதற்கும் ஒரே காப்புரிமை என்று ஒன்று கிடையாது. ஐந்து நாட்டில் உரிமை வேண்டுமென்றால் ஐந்து நாட்டிலும் விண்ணப்பிக்க வேண்டும். ஐந்து ஆய்வாளர்கள் அதே யோசனையை அதே உலகத்தில் முதலிலிருந்து தேடுவார்கள். ஒரே கடிதத்தை ஐந்து பேர் ஐந்து கம்ப்யூட்டரில் தனித்தனியாக டைப் செய்வது போல! ஒருவர் டைப் செய்ததை மற்றவர்களுக்கு காப்பி செய்து கொடுத்தால் என்ன?

இந்தக் கேள்விக்குப் பதிலாக வந்ததுதான் காப்புரிமை அலுவலகங்களின் ஒத்துழைப்பு.

பைபாஸ் ரோடு

2006 ஜூலையில் ஜப்பானும் அமெரிக்காவும் சோதனையாக ஒரு திட்டத்தைத் தொடங்கின. பேட்டன்ட் பிராசிக்யூஷன் ஹைவே என்று பெயர். சுருக்கமாக பி.பி.எச். பெயர் பயமுறுத்தினாலும் விஷயம் எளிதுதான். முதல் நாட்டு அலுவலகம் உங்கள் விண்ணப்பத்தைப் பரிசீலித்து, "இது புதிதுதான், உரிமை தரலாம்" என்று சொல்லிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த ரிப்போர்ட்டை இரண்டாவது நாட்டில் காட்டினால், அங்கே உங்களை வரிசையில் முன்னால் கொண்டுவருவார்கள். முதல் ஆய்வாளர் தேடியது இரண்டாவது ஆய்வாளர் மேஜையில் தயாராக இருக்கும். 2014ல் பல நாடுகள் ஒன்றாகச் சேர்ந்து இதை இன்னும் பெரிதாக்கின.

நம் நாடு எங்கே வருகிறது? 2019 டிசம்பர் 5ஆம் தேதி இந்தியாவும் ஜப்பானும் 3 ஆண்டு சோதனைத் திட்டமாக இந்தப் பாதையைத் திறந்தன. ஒவ்வொரு பக்கமும் ஆண்டுக்கு 100 விண்ணப்பம் என்று வரம்பு வைத்தார்கள். இந்தியப் பக்கத்தில் எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர், மெக்கானிக்கல், ஜவுளி, ஆட்டோமொபைல் போன்ற துறைகளுக்கு மட்டும் அனுமதி. பட்டியலைப் பார்த்தால் கோயம்புத்தூரை மனதில் வைத்து எழுதியது போல இருக்கிறது, இல்லையா?

நானும் முதலில் அப்படித்தான் சந்தோஷப்பட்டேன். பிறகுதான் ஒன்று உறைத்தது. பைபாஸ் ரோட்டில் போக வேண்டுமென்றால் முதலில் வண்டி வேண்டும். இரண்டு நாட்டில் விண்ணப்பிக்கிறவருக்குத்தான் இந்தப் பாதை. வெளிநாட்டு விண்ணப்பம் என்றால் அந்த ஊர் வக்கீல், மொழிபெயர்ப்பு என்று செலவு லட்சங்களில் போகும். நம் கணபதித் தம்பி விண்ணப்பித்தால் இந்தியாவில் மட்டும்தான் விண்ணப்பிப்பார். அவருக்கு இந்தப் பாதையால் நேரடி லாபம் ஒன்றுமில்லை.

மஞ்சள் சொல்லும் பாடம்

இன்னொரு பயமும் உண்டு. வெளிநாட்டு அலுவலகம் தப்பாகச் சொன்னதை நாமும் அப்படியே காப்பி செய்துவிட்டால்?

இது வெறும் கற்பனை இல்லை. 1995 மார்ச்சில், காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு அமெரிக்கா ஒரு காப்புரிமை கொடுத்தது. எண் 54,01,504. பெற்றது மிசிசிபி பல்கலைக்கழக மருத்துவ மையம். அடிபட்ட காலில் மஞ்சள் பற்றுப் போடாத பாட்டி நம் ஊரில் உண்டா? ஆனால் அந்த ஆய்வாளரின் தேடலில் நம் பாட்டி வரவில்லை. இந்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில், அதாவது சி.எஸ்.ஐ.ஆர்., 32 ஆதாரங்களைத் திரட்டிக் கொடுத்து மறுபரிசீலனை கேட்டது. பழைய நூல்களும், 1953ல் இந்திய மருத்துவ சங்க இதழில் வந்த கட்டுரையும் அதில் இருந்தன. 1997ல் அந்த உரிமை ரத்தானது. வேம்பு விஷயத்தில் ஐரோப்பாவில் நடந்த சண்டை இன்னும் நீளம். 1994ல் கொடுத்த உரிமை 2000த்தில் ரத்தாகி, அப்பீலும் முடிந்தது 2005ல்!

"பார்த்தீர்களா, வெளிநாட்டு ஆபீஸை நம்பக் கூடாது" என்று சிலர் சொல்வார்கள். எனக்கு இந்தக் கதை வேறு ஒன்றைச் சொல்கிறது. அந்த ஆய்வாளர் தேடிய இடத்தில் நம் விஷயம் இல்லை. அதுதான் குறை. அதற்கு மருந்து கதவை மூடுவது இல்லை, நம் ஃபைலை அவர்களுக்கு அனுப்புவது.

2001ல் தொடங்கிய பாரம்பரிய அறிவு டிஜிட்டல் நூலகம் அதைத்தான் செய்தது. ஆயுர்வேதம், சித்தா, யுனானி நூல்களில் உள்ள மருந்து முறைகளை ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஜப்பான் என ஐந்து மொழிகளில் டேட்டாபேஸாக ஏற்றினார்கள். 2009 பிப்ரவரியில் ஐரோப்பிய காப்புரிமை அலுவலகத்துக்கு அதைத் திறந்துவிட்டார்கள். அமெரிக்கா, ஜப்பான் என்று மற்ற அலுவலகங்களும் பிறகு சேர்ந்தன. வேம்புக்கு ஏறக்குறைய பத்து ஆண்டு போராடினோம். இப்போது ஆய்வாளரே உரிமை தருவதற்கு முன் தேடிப் பார்க்கலாம். இதுவும் அலுவலகங்களின் ஒத்துழைப்புதான். ஒத்துழைப்பு வேகத்தை மட்டும் தருவதில்லை, தப்பையும் தடுக்கிறது.

என் கருத்து

ஆகவே நான் சொல்வது இதுதான்: தேடலைப் பகிருங்கள், தீர்ப்பை மட்டும் நம் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

காரணம், ஒவ்வொரு நாட்டுச் சட்டமும் வேறு. கம்ப்யூட்டர் வாசகர்களுக்குப் புரிகிற உதாரணம் ஒன்று. ஜப்பானில் 2002 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு புரோகிராமையும் ஒரு பொருளாகக் கருதி காப்புரிமை பெறலாம். நம் சட்டத்தின் 3(கே) பிரிவு, வெறும் கம்ப்யூட்டர் புரோகிராமுக்குக் காப்புரிமை இல்லை என்கிறது. ஜப்பான் "புதிது" என்று சொன்னதை நம் ஆய்வாளர் தேடல் குறிப்பாக எடுத்துக்கொள்ளலாம். "உரிமை தரலாம்" என்று சொன்னதை அப்படியே எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. பி.பி.எச். விதியிலும் இரண்டாவது அலுவலகம் தானே பரிசீலித்துத்தான் முடிவு செய்யும். அந்த வரி என்றைக்கும் அழியக் கூடாது.

இரண்டாவது, பாதை போடும்போது நம் சரக்கு போகும் ஊரைப் பார்த்துப் போட வேண்டும். கோவை கிரைண்டர் தமிழர்கள் இருக்கும் இடமெல்லாம் போகிறது. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று பட்டியல் போடலாம். மஞ்சள் விளையும் நாடுகள் வியட்நாம், இந்தோனேசியா. பணக்கார நாடுகளோடு மட்டும் பாதை போட்டால் அதில் பெரும்பாலும் அவர்கள் வண்டிதான் ஓடும்.

மூன்றாவதுதான் முக்கியம். நம் ஆள் நம் நாட்டில்தான் முதலில் விண்ணப்பிக்கிறார். முதல் ரிப்போர்ட் இங்கே சீக்கிரம் வந்தால்தான் அதை எடுத்துக்கொண்டு வெளிநாட்டுக்குப் போக முடியும். நம் வாசல் தாமதமானால் எந்த ஹைவேயும் உதவாது. வெளிநாட்டில் ஏற்கெனவே தேடி முடித்த விண்ணப்பங்களில் நம் ஆய்வாளருக்கு மிச்சமாகும் நேரம், உள்ளூர் விண்ணப்பங்களுக்கு வர வேண்டும். ஒத்துழைப்பு ஒப்பந்தம் எது போட்டாலும் அரசை நான் கேட்கும் கேள்வி அதுதான்: மிச்சமான நேரம் யாருக்குப் போனது?

தம்பிக்குத் தெரியாத கதவு

தம்பி சொன்னதில் சரியில்லாத பாதிக்கு இப்போது வருகிறேன். 2019 செப்டம்பரில் விதியைத் திருத்தியபோது வெளிநாட்டு ஒப்பந்தத்தில் வருபவர்களுக்கு மட்டும் விரைவு வரிசை கொடுக்கவில்லை. சிறு நிறுவனங்களுக்கும், விண்ணப்பதாரர்களில் ஒரு பெண்ணாவது இருந்தால் அவர்களுக்கும் அதே வரிசையைத் திறந்தார்கள். புதிய ஸ்டார்ட்-அப் நிறுவனங்களுக்கு அது 2016லேயே கிடைத்துவிட்டது. படிவம் 18ஏ என்று பெயர். இந்த வரிசையில் போனால், ஆட்சேபங்களுக்குக் கடைசிப் பதில் கொடுத்த 3 மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஆன்லைனில் கட்டணம் 8,000 ரூபாய். சாதாரண பரிசீலனை என்றால் படிவம் 18, கட்டணம் 4,000.

பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. விண்ணப்பம் போட்டதும் பரிசீலனை தானாகத் தொடங்காது. நீங்கள் தனியாகக் கேட்க வேண்டும். 2024 மார்ச் 15 முதல் போடும் விண்ணப்பங்களுக்கு அதற்கான கெடு 31 மாதம். கேட்காமல் விட்டால் விண்ணப்பத்தை நீங்களே வாபஸ் வாங்கியதாகக் கருதிவிடுவார்கள்.

யோசனையில் பாதி தம்பியின் மனைவியுடையது என்றேனே, நினைவிருக்கிறதா? அவர் பெயரும் விண்ணப்பத்தில் வருவதுதான் நியாயம். வந்தால் இந்தக் கதவும் திறக்கும். இதைச் சொன்னதும் அந்தத் தங்கை சிரித்துவிட்டு, "அப்ப நானும் கையெழுத்துப் போடோணுங்களா?" என்று கேட்டார்.

உங்கள் மவுஸுக்கு வேலை

வீட்டுக் கம்ப்யூட்டரில் பேங்க் பேலன்ஸ் பார்க்கிறோம், சினிமா பார்க்கிறோம். ஆய்வாளர் தேடும் உலகத்தில் ஒரு பெரிய பகுதி அதே கம்ப்யூட்டரில் இலவசமாகத் திறந்து கிடக்கிறது. இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் வெப்சைட்டில் தேடல் பக்கம் இருக்கிறது. ஐரோப்பிய அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட், கூகுள் பேட்டன்ட்ஸ் இரண்டும் பல நாட்டுக் காப்புரிமைகளைக் காட்டும். உங்கள் யோசனைக்கு நெருக்கமான ஆங்கிலச் சொற்களை டைப் செய்து என்டர் தட்டுங்கள். ஒரே சொல்லோடு நிறுத்தாமல் அதே பொருள் தரும் வேறு சொற்களையும் போட்டுப் பாருங்கள். கிடைத்தவற்றை ஒரு ஃபோல்டரில் சேமித்து வையுங்கள். ஏற்கெனவே இருப்பது தெரிந்தால் பணம் மிச்சம். இல்லையென்றால் விண்ணப்பத்தை இன்னும் தெளிவாக எழுதலாம்.

ஓர் எச்சரிக்கை. விண்ணப்பம் போடும் முன் கொடிசியா கண்காட்சியில் வைக்காதீர்கள், வீடியோ எடுத்துப் போடாதீர்கள். நீங்களே வெளியில் காட்டியது உங்களுக்கே எதிராக வந்து நிற்கும்.

அன்று மாலை மூன்று பேரும் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் தேடினோம். பாலீஷ் டிரம் என்று தட்டினால் நூற்றுக்கணக்கில் வந்தன. சிலது சீன மொழியில். மொழிபெயர்ப்பை கிளிக் செய்து ஒவ்வொன்றாகப் படித்தோம். இதுவரை பார்த்ததில் அவர்கள் செய்த மாற்றம் இல்லை. பட்டியலில் பாதி இன்னும் பாக்கி. அடுத்த ஞாயிறும் கணபதிக்குப் போகிறேன். பிரிண்டரில் பேப்பர் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.