வண்டி என்னோடது, சாவி யாரோடது?

போன மாசம் விடியக்காலைல வண்டி கிளம்பவே மாட்டேன்னுச்சு. வெயில் ஏறினா ஓடும். ரெண்டு நாள் பால் சொசைட்டிக்கு நேரத்துக்குப் போகாம, அத்தனை பாலையும் உறை ஊத்தினோம். முப்பது கிலோமீட்டர் தள்ளி கம்பெனி சர்வீஸ்ல ஸ்கேனர் மாட்டிப் பார்த்துட்டு, "ஈசியூ போச்சுங்க, பன்னெண்டாயிரம் ஆகும்"னாங்க.

எங்க ஊரு மெக்கானிக் தம்பி, எஞ்சின் சூட்டைப் பார்க்கிற சென்சாரைக் கழட்டி வெந்நீர்ல முக்கி மல்டிமீட்டர் வச்சார். சூடு ஏற ஏற ஓம்ஸ் இறங்கணுமாம். முள்ளு அசையவே இல்லை. எஞ்சின் எப்பவும் சூடா இருக்குன்னே அது பொய் சொல்லி, குளிர்ல பெட்ரோலைக் குறைச்சிருக்கு. புதுசு எழுநூறு ரூபாய். மறுநாள் ஒரே அழுத்துல கிளம்பிச்சு.

2020 ஏப்ரல்ல பிஎஸ்6 வந்து கார்புரேட்டர் போச்சு. புகை குறைஞ்சது நல்லதுதான், அதுல எனக்குச் சண்டை இல்லை. ஆனா ஸ்கேனரையும் கோடு விவரத்தையும் கம்பெனிக்குள்ள ஏன் பூட்டி வைக்கணும்? தவணை கட்டுறது நான்தானே? "கம்பெனியிலேயே விடுங்க"ன்னு நீங்க சுலபமா சொல்லுவீங்க. உங்களுக்கு அது தெருமுனையில இருக்கு. கோடு விவரத்தைத் தமிழ்ல அச்சடிச்சு வண்டியோட குடுங்கன்னு ஷோரூம்ல கேட்டேன். சிரிச்சாங்க. நீங்களும் ஒருதடவை கேட்டுப் பாருங்க.